பின்னாலிருந்து கூப்பிடாத கரை

1

சென்ற திங்கட்கிழமை காலை, பிரான்சின் ரென் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் முற்றத்தில், முப்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண்மணி கம்பளிக் கையுறைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட பேருந்தை முழுவட்டமாகச் சுற்றி ஓடினாள். அவள் மகள் செலின் பத்தடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு பேருந்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் அவள் திரும்பியிருப்பாள். அந்தப் பெண்மணி குரல் கொடுக்கவில்லை. கொடுக்க வாயெடுத்த கணவர் அந்துவானின் வாயையும் கையுறையாலேயே பொத்திவிட்டுத்தான் ஓடினாள். சுற்றி ஓடி, முன்பக்கமாக வந்து, மூச்சிரைக்க மகளின் எதிரில் நின்றாள்.

அவள் நான்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஏன் ஓடினேன் என்பதையும் காரைக்காலில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பேருந்தின் படியில் நின்ற ஆசிரியை மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "கூப்பிட்டிருக்கலாமே, மதாம்?" நகராட்சித் தலைவர்களுக்கு ஒலிபரப்புக் கருவியின் வலுவைப் பிரெஞ்சில் விளக்கிக் கையெழுத்து வாங்குகிறவள் நான். இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. உடற்பயிற்சி என்று சொல்லிவிட்டேன்.

செலின் கையுறையை வாங்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று பிரெஞ்சில் முணுமுணுத்தாள். பத்து வயது. அவளிடம் நாங்கள் தமிழில் பேசுகிறோம். அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். தொழில் வழக்கத்தில் சொன்னால், வாங்கும் கருவி பழுதில்லை, அனுப்பும் கருவியிலிருந்துதான் எதுவும் வருவதில்லை. அப்படிப்பட்ட கருவிக்குள் என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. சில வருஷங்களாக எனக்கு இருக்கிற ஒரே கவலை அதுதான்.

இங்கே குளிர்காலத்தில் வகுப்பையே ஆசிரியையோடு மலைக்கு அனுப்புகிறார்கள். காலையில் பாடம், மாலையில் பனியில் சறுக்கல், இரண்டு வாரம். பெற்றோர் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. குரல் கேட்டால் பிள்ளைகள் வீட்டை நினைத்து அழுவார்களாம். புதன்கிழமை மாலை பிள்ளைகளே வரிசையில் நின்று கூப்பிடுவார்கள். இதைக் கேட்டதிலிருந்து அந்துவானுக்குப் பொறுக்கவில்லை.

"பெத்தவன் கூப்பிடக் கூடாதுன்னு ஒரு சட்டமா? இது பள்ளிக்கூடமா, பட்டாளமா?"

பட்டாளத்தில் நேர் எதிரான சட்டம் என்பது அவருக்கே தெரியும், அவருடைய அப்பா பட்டாளத்துக்காரர். கூப்பிடக் கூடாது என்ற சட்டத்தை ஒருகாலத்தில் போட்டவளே நான் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தச் சட்டத்தால்தான் எங்கள் கல்யாணமே நடந்தது. திங்களுக்கும் புதனுக்கும் நடுவில் வேறு வேலை ஓடாததால் அந்தக் கதையை எழுதுகிறேன்.

2

முதலில் இங்குள்ள பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டில் தனியார் வானொலிக்கு அனுமதி கொடுத்தார்கள். கொடுத்ததும் மழைக்காலத்துக் காளான் மாதிரி ஊருக்கு ஊர் வானொலி முளைத்தது. ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் நால்வர், பாதிரியார் ஒருவர், எல்லாருக்கும் ஒரு நிலையம் வேண்டும். அவர்களுக்கு ஏரியல் வடிவமைத்துக் கம்பம் நட்டுத் தருவது நான் வேலை செய்யும் சிறு நிறுவனம். தண்ணீர்த் தொட்டியின் உச்சி, தானியக் கிடங்கின் கூரை, கோயில் மணிக்கூண்டு என்று உயரமாக எது கண்ணில் பட்டாலும் அதில் ஏறிவிடுவோம். ஏற்றி முடித்த பிறகு வண்டியில் வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்து, ஒலி எங்கே தேய்கிறது என்று வரைபடத்தில் குறிப்பேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். பசுக்களும் ஆப்பிள் மரங்களும் உள்ள பாதையில் கூட வருகிற குரல் மெல்லக் கரைந்து போகும்.

என் படிப்பை இந்த நாடு ஒப்புக்கொள்ள இரண்டு குளிர்காலம் ஆயிற்று. ஒப்புக்கொண்டபோது என் பெயரைத் தொலைத்துவிட்டார்கள். பிலோமினா என்பதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அப்பா பெயரான செபாஸ்தியானைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். கோட்டுச்சேரியில் மாடியேறினாலே தலை சுற்றும் என்பவர் அப்பா. அவர் பெயரைத்தான் இங்கே தண்ணீர்த் தொட்டியின் உச்சியை நோக்கி, "செபாஸ்தியான், கயிறு வருகிறது!" என்று கீழேயிருந்து கத்துகிறார்கள்.

மொழியும் தன் பங்குக்கு விளையாடியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாலை, விடைபெறும்போது "வருகிறேன்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். நான் திரும்பி வருவேன் என்று இரண்டு சகாக்கள் வண்டியின் எஞ்சினை அணைக்காமல் வெகுநேரம் காத்திருந்திருக்கிறார்கள். மறுநாள் காரணம் கேட்டார்கள். எங்கள் ஊரில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை என்றேன். "அப்படியானால் யாருமே போவதில்லையா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் போயிருக்கிறோம், பிரான்சு வரைக்கும் என்றேன்.

3

எழுபதுகளின் நடுவில், பொறியியல் முடித்த கையோடு சென்னையில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். மீன்பிடி படகுகளுக்கும் கரைக்கும் இடையே கம்பியில்லாப் பேச்சுக் கருவி வைத்துப் பார்க்கும் பரீட்சார்த்த வேலை ஒன்று அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. இடம் கருக்களாச்சேரி. என் ஊர்ப்பக்கம் என்பதால் என்னை அனுப்பினார்கள். நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது.

கடற்கரையில் ஓடு வேய்ந்த ஓர் அறை, அதன் பக்கத்தில் இரும்புக் கம்பம், அதை நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள், உச்சியில் ஏரியல். படகுகளில் பேட்டரியில் ஓடும் சிறிய செட்டுகள். உப்புக் காற்று எந்த இணைப்பையும் ஒரு மாதத்தில் தின்றுவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் கிரீஸ் தடவி, டேப் சுற்றி, குழந்தைக்குத் துணி சுற்றுவது போலச் சுற்றினேன். ஏரியலுக்கு அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. முள் அசையாமல் படுத்திருந்தால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். அனுப்பியது திரும்பி வராவிட்டால் மகிழ்ச்சி அடைகிற ஒரே தொழில் எங்களுடையது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. முள் படுத்தே இருந்தது.

கரைச் செட்டில் பேச சூசையாவை அமர்த்தியிருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் தகவல் பிரிவில் இருந்து ஓய்வூதியத்தோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். விறைப்பான மீசை, விறைப்பான சட்டை. ஒலிவாங்கியை எடுத்தால் "அலோ, அலோ" என்று இந்தோசீனாக் காட்டுக்கே கேட்பது போல அழைப்பார்.

ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. புயல் சின்னம் என்று வானொலியில் சொல்லும் நேரத்தில் படகுகள் கடலில் இருக்கும், சொல்ல வழியிருக்காது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. புதுச்சேரியிலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வருவார், படகுகள் பதில் சொன்னால் செட்டுகள் இங்கேயே இருக்கும், இல்லையென்றால் வேறொரு துறைமுகத்துக்குப் போய்விடும் என்று முதலிலேயே எழுதிச் சொல்லியிருந்தார்கள்.

படகுகள் பதில் சொல்லவில்லை.

4

விடியற்காலையில் படகுகள் முகத்துவாரத்தைத் தாண்டும். அறைக்குள்ளிருந்து சூசையா, நடைமுறைத் தாளில் எழுதியிருந்தபடியே, ஸ்ராங்கின் பெயரைச் சொல்லி அழைப்பார்: "அலோ, காத்தமுத்து. எந்தத் திசையில் போகிறீர்கள்? சொல்லுங்கள்." ஸ்ராங்கு என்றால் படகை ஓட்டும் தலைவர். பதிலுக்கு இரைச்சல் மட்டும் வரும். அடுத்த படகு, அதுவும் இரைச்சல். மாலையில் கரைக்கு வந்ததும் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி கையை விரிப்பார்கள்: "ஒண்ணும் கேக்கலம்மா."

கரையில் கட்டிக் கிடக்கும்போது அதே செட்டுகள் மணி மாதிரி பேசின. கடலில் ஊமையாகிவிட்டன. நான் கேபிளை மாற்றினேன். ஏரியலை இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றினேன். தரை இணைப்புக்குப் புதிதாகக் குழி தோண்டி ஈரமண் போட்டேன். எஞ்சின் ஓடும்போது மின்பொறி தொந்தரவு செய்கிறதோ என்று படகுக்குப் படகு வடிகட்டி வைத்தேன். கடலுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்றால், பெண்பிள்ளையைப் படகில் ஏற்ற மாட்டோம் என்று பணிவாகச் சொல்லிவிட்டார்கள். சூசையாவைப் போகச் சொன்னேன். இந்தோசீனாவுக்குக் கப்பலில் போனபோது எடுத்த வாந்தியே தன் ஆயுளுக்குப் போதும் என்றார்.

அறையைக் கடந்து போகிற மீன்காரப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இஞ்சினியரம்மா, கம்பத்துல துணியாவது காயப் போடலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். ஸ்டே கம்பிக்கு அது பாரமாகாது என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் சேலை தொங்கியது.

அதிகாரி வரும் வாரம் நெருங்கிவிட்டது. நிறுவனத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

5

எங்கள் வீடு கோட்டுச்சேரியில். அங்கிருந்து தினமும் பேருந்தில் வந்துபோவேன். அந்த வாரத்தில் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். பேருந்து நிறுத்தத்தை நெருங்கும்போது பக்கத்துக் கொல்லையின் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு அம்மா எதிரில் தோன்றினாள். காலெல்லாம் சேறு, தலையில் வாழைச் சருகு, கையில் தூக்கு.

"ஏம்மா இப்படி? வாசல்லேருந்து கூப்பிட்டிருந்தா நின்னிருப்பேனே."

"போற புள்ளைய முதுகுக்குப் பின்னால கூப்புடுவாங்களா? நல்லா படிச்ச, போ."

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்திருக்கிறார். அம்மா கோயிலில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து விடாமல் கடைப்பிடிப்பாள். கூப்பிட்டுவிட்டால் போகிறவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். 'எங்கே போகிறாய்' என்று கேட்டால் அதைவிட மோசம். நானும் அதே வீட்டில்தான் வளர்ந்தேன்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். தூக்கு மடியில் சூடாக இருந்தது. நெடுங்காட்டுப் பாதை பிரியும் இடம் வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் தனியாகச் சிரித்திருக்கிறேன் போலும்.

காத்தமுத்து கரையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். மற்ற ஸ்ராங்குகள் அவர் சொல்லைக் கேட்பார்கள். நான் மணலில் எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணே, சூசையா செட்டுல கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சுதானே?"

அவர் கை நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"கேக்காம என்ன. காதுக்குள்ள வந்து பேசுற மாரி கேட்டுச்சு. அதாம்மா வம்பே. தொறைய விட்டுக் கெளம்புறோம், பின்னாலேருந்து பேரச் சொல்லிக் கூப்புடுறாரு. அது போதாதுன்னு எங்க போறேன்னு கேக்குறாரு. பெத்த தாயி கேக்க மாட்டா அப்படி."

"அப்ப என்ன பண்ணுனீங்க?"

"மொத நாளு திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனோம். தெனமும் திரும்புனா டீசலு யாரு போடுவா? அப்புறம் முகத்துவாரம் வர்றதுக்கு முன்னாடியே செட்ட அமத்திப்புட்டோம்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க சிரிப்பீங்க. சிரிச்சா பரவால்ல. ஆபீசுல போயிச் சொல்வீங்க, அவனுவ நாலு பேரு வந்து எங்கள உக்கார வச்சிப் பாடம் நடத்துவானுவ."

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அது அவரைப் பார்த்து வந்ததில்லை. என் ஏரியல் இத்தனை நாளும் குறையே இல்லாமல் வேலை செய்திருக்கிறது; அது அவ்வளவு தெளிவாகப் பேசியதுதான் கோளாறு. அம்மாவின் சேற்றுக் காலைச் சொன்னேன். காத்தமுத்து வலையைக் கீழே வைத்தார்.

"கோட்டுச்சேரியிலயும் அப்படித்தானா?" என்றார்.

6

பிரச்சினை பாதிதான் தீர்ந்தது. புயல் என்றால் கரைதான் கூப்பிட்டாக வேண்டும். அப்படியானால் ஒரு மனிதன் 'போகிறவன்' என்பது எதுவரை? பொறியாளருக்கு எல்லை தெரிய வேண்டும். கேட்டதும் வலைகளை விட்டுவிட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். கரை கண்ணுக்கு மறையும் வரை என்றார் ஒருவர். தண்ணீர் நிறம் மாறும் வரை என்றார் இன்னொருவர். உன் கண்ணு பூத்துப்போயி நாலு வருஷமாச்சு, ஒனக்கு நிறம் எங்க தெரியுது என்று மூன்றாமவர் அவரை மடக்கினார். கடைசியில் காத்தமுத்துதான் தீர்த்துவைத்தார்.

"வல தண்ணில விழுற வரைக்கும்தான் போறவன். விழுந்தாச்சுன்னா அப்புறம் வேலையில இருக்கிறவன். வேலையில இருக்கிறவன யாரு வேணாலும் கூப்புடலாம்."

ஆகவே புதிய நடைமுறை எழுதினேன். கரை முதலில் பேசாது. வலை போட்டதும் படகு கூப்பிட்டு, வலை போட்டாச்சு என்று சொல்லும். அதற்குப் பிறகு கரை எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். சாப்பாட்டு வேளை தாண்டியும் சொல்லாத படகை மட்டும் கரையே கூப்பிடலாம். எங்கே போகிறீர்கள் என்று யாரையும், எப்போதும் கேட்பதில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கலாம்.

சூசையாவை ஒப்புக்கொள்ள வைப்பது படகுகளைவிடக் கடினமாக இருந்தது. தளம் கூப்பிடும், படை பதில் சொல்லும், அதுதான் உலக முறை என்றார். இது படை இல்லை ஐயா என்றேன். மீசையைத் தடவிக்கொண்டு, ஒரு பெண்பிள்ளை சொல்லித் தான் வாயை மூடிக்கொள்வது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை என்றார்.

அதிகாரி வந்த காலையில் கடல் அமைதியாக இருந்தது. படகுகள் எங்களைக் கடந்து போயின. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ம், கூப்பிடுங்க," என்றார் அதிகாரி.

சூசையா கைகளைக் கட்டிக்கொண்டார். "கரை கூப்பிடாது சார். படகுதான் கூப்பிடும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன். டீ வந்தது, ஆறியது. சும்மா உட்கார்ந்திருக்கவா இத்தனை உயரத்துக்குக் கம்பம் நட்டீர்கள் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் இருந்த பதிலெல்லாம் கடலில் இருந்தது. மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பாதபோது அது எதையும் காட்டாது என்று தெரிந்தும் பார்த்தேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"கரை, கரை. காத்தமுத்து. வலை போட்டாச்சு."

அதன் வால் பிடித்தது போல அடுத்த படகு, அதற்கடுத்தது. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் நுழைந்து, என்ன அவசரம் மாப்ளே என்று திட்டு வாங்கினார். அதிகாரி ஒலிவாங்கியைத் தாமே வாங்கி, அங்கே காற்று எப்படி என்று காத்தமுத்துவிடம் கேட்டார். கொண்டல் காற்று, தாங்கும் என்று பதில் வந்தது. அதோடு விடவில்லை: "சூசையா, வந்தவங்களுக்கு டீயாவது வாங்கிக் குடுத்தீங்களா, இல்ல பிரெஞ்சுப் பென்ஷன அப்படியே அடைகாக்குறீங்களா?"

அதிகாரி சிரித்த சிரிப்பில் ஆறிப்போன டீ கொட்டியது. செட்டுகள் கருக்களாச்சேரியிலேயே தங்கின. கார்த்திகையில் ஒருநாள் நண்பகல் புயல் செய்தி வந்தபோது எல்லா வலைகளும் தண்ணீரில் இருந்தன. சூசையா ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைத்தார். அன்றைய மீன் போன கோபத்தில் அவரைத் திட்டிக்கொண்டே எல்லாரும் இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தார்கள்.

தன் வாயை மூடவைத்த பெண்ணைப் பற்றி சூசையா பிரான்சிலிருந்த மகனுக்குச் சொல்லியிருக்கிறார். மகன் விடுமுறையில் பார்க்க வந்தார். அந்துவான் அவர்தான்.

7

புதன் மாலை. செலினின் வகுப்பு தங்கியிருக்கும் விடுதியின் எண் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்துவான் இரண்டு முறை அதை எடுத்துப் படித்தார்.

"வலை விழட்டும்," என்றேன்.

"உங்க ஊரு ஸ்ராங்குங்களுக்கு வயசு நாப்பது. இது பத்து வயசுப் புள்ள."

"உட்காருங்க."

எங்கள் தொலைபேசியின் பின்புறம் இரண்டாமவர் காதில் வைத்துக் கேட்க ஒரு சிறிய குமிழ் தொங்கும். மணி அடித்ததும் அவர் அதைப் பறித்துக்கொண்டார். செலின் பிரெஞ்சில் பொழிந்தாள். பனி, சறுக்கல், பாலாடைக் கட்டி உருக்கிய குழம்பு, மேல்கட்டில் தனக்குத்தான் கிடைத்தது. பிறகு, முழங்காலில் அடிபட்டிருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை என்றாள்.

சறுக்கும்போதா என்று கேட்டேன். இல்லையாம். அவள் தோழி குல்லாவை மறந்துவிட்டு மலைக்குக் கிளம்பிவிட்டாள். செலின் அதை எடுத்துக்கொண்டு விடுதியின் பின்பக்கமாக, இடுப்பளவு பனியில், தோழிக்கு முன்னால் போய் நிற்க ஓடியிருக்கிறாள். விறகுக் குவியல் பனிக்குள் மறைந்திருந்திருக்கிறது.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டார்களாம்.

"நீ என்ன சொன்ன?"

பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. செலின் குரலைத் தாழ்த்தினாள். பிரெஞ்சை விட்டு இறங்கி, தடுமாறி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"உடற்பயிற்சின்னு சொன்னேன். ஆனா அம்மா... கூப்பிடக் கூடாதுதானே?"

"கூடாது," என்றேன்.

அந்துவான் குமிழைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. மறுமுனையில் அவள் வைத்துவிட்ட பிறகும், வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார்.